நீட்டு வரிசையில் ஒரு பிளாட்டினம் மாப்பிள்ளை

அத்தியாயம் 7

கோவை பீளமேடு விமான நிலையத்துக்குள் நுழைந்த நான்காவது நிமிடத்திலேயே, தான் பிளேன் ஏறப்போகும் செய்தியைப் பாண்டித்துரை ஏழு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். எட்டாவதாக உசிலம்பட்டியிலிருக்கும் பெரியம்மாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது விலாவில் ஓர் இடி விழுந்தது.

"துப்பறிய வந்தியா, டூர் வந்தியா?" என்றார் கமலாம்பாள்.

"ரெண்டுந்தேன்க்கா. பத்து வருசமா மேல பறக்குறத அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிப்போச்சு. இன்னைக்குத்தேன் உள்ள உக்காரப்போறேன்."

"உக்காரலாம். மொதல்ல பையனைப் பாரு."

கமலாம்பாள் பதினெட்டு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். மலைபோல் குவிந்த டி-ஷர்ட்டுகளில் ஒரே ஒரு தையல் நழுவியிருந்தாலும் அவர் கை தானாக அங்கே போய் நிற்கும். இப்போது அதே கண்ணை மனிதர்கள்மேல் திருப்பி, அவிநாசி சாலையில் ஒரு மொபைல் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். அதே கம்பெனியில் ஓவர்லாக் டைலராக இருந்த பாண்டித்துரை, அக்கா வேலையை விட்ட அன்றே தானும் மிஷினை விட்டு எழுந்து பின்னாலேயே வந்துவிட்டவன். ஏன் வந்தாய் என்று கேட்டால், அங்கே வாயைத் திறக்க விடமாட்டார்கள் என்பான்.

பையன் என்றது ரித்தீஷை. வயது இருபத்தொன்பது. அருள்புரத்தில் குடும்பத்து ஏற்றுமதிக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறவன். வருடத்தில் பாதி நாள் சாம்பிள் பெட்டிகளோடு ஐரோப்பாவில் துணி வாங்கும் பையர்களைத் தேடி அலைகிறவன். வரும் திங்கட்கிழமை அவனுக்கும் தேஜஸ்ரீக்கும் நிச்சயம்.

நடக்குமா என்பதுதான் வழக்கே. தேஜஸ்ரீயின் அப்பா கதிர்வேல், மங்கலம் சாலையில் நிட்டிங் மில் வைத்திருப்பவர், மூன்று நாள் முன்பு படியேறி வந்திருந்தார்.

"மாப்பிள்ளைப் பையன் எட்டு வாரமா சனிக்கெழமையானா மெட்ராஸ் போறாருங்க. ஏர்போர்ட்ட விட்டு வெளிய வர்றதே இல்லீங்க. லவுஞ்சுல ஜன்னலோரம் உக்காந்து சர்க்கரை போடாத காப்பி ஒண்ணு குடிக்கறாரு. அதே பிளேன்ல திரும்பிடறாரு. ஒருத்தரையும் பாக்கறதில்லீங்க, ஒரு வேலையும் இல்லீங்க. இது என்ன சங்கதின்னு இந்தச் சனிக்கெழமை பொழுதுக்குள்ள தெரியோணும். தெரியலீன்னா நிச்சயம் இல்லீங்க."

"பாத்தது யாருங்க?" என்று கமலாம்பாள் கேட்டார்.

"நம்ம ஆளு ஒருத்தருங்க" என்று சொல்லிவிட்டு, டீயைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் இது. மணி பத்தரை. மரீனா ஏர் நிறுவனத்தின் கவுன்ட்டர் முன்னால் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் சிவப்புக் கம்பளம் விரித்து 'பிளாட்டினம்' என்று பலகை வைத்திருந்தார்கள். அங்கே ஓர் ஈ கூட இல்லை. இன்னொன்றில் இருபத்தைந்து பேர், மூட்டை முடிச்சு, அழும் குழந்தை, அசாமுக்குப் போகும் தையல்காரர்கள் என்று நீட்டு வரிசை. ரித்தீஷ் அந்த நீட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

பாண்டித்துரைக்கு மனசு ஆறவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, எங்கள் பையன் மரீனா கிளப்பில் பிளாட்டினமாக்கும் என்று ரித்தீஷின் மாமன் அரை மணி நேரம் அளந்ததாகக் கேள்வி. அந்தப் பிளாட்டினம் இங்கே ஒரு மூட்டைக்கும் அழும் குழந்தைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தது.

அதோடு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ரித்தீஷுக்கு இரண்டு ஆள் முன்னால் குரங்குக் குல்லாவும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் நின்றார். பங்குனி வெயிலில் குல்லா! அவர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். வரிசை அவரைத் தாண்டி நகர்ந்தது. ரித்தீஷ் மட்டும் நகரவில்லை. கூரையில் ஏதோ எழுதியிருப்பதுபோல் அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பின்னால் இருந்தவர்களிடம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டான். குல்லாக்காரர் நிமிர்ந்து நடந்த பிறகுதான் இவன் காலை எடுத்து வைத்தான்.

பாண்டித்துரை நைசாக அவனுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். கவுன்ட்டர் வந்தது.

"சார், உங்க மரீனா நம்பர் சிஸ்டத்துல இருக்கு. போட்டுடட்டுமா?" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"வேண்டாமுங்க. இந்த ஓரியோல் நம்பர்ல ஏத்துங்க."

அவள் பதறிப்போனாள். "சார்! எங்க கிளப்போட வருஷம் இன்னிக்கோட முடியுது. உங்களுக்குத் தேவை ரெண்டே ஃபிளைட்தான். இன்னிக்குப் போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. போட்டுட்டா பிளாட்டினம் அப்படியே நிக்கும். போடலைன்னா நாளைலேருந்து நீங்க சாதா சார்."

"சாதாவே போதுமுங்க" என்று ரித்தீஷ் சிரித்தான். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் சிரிக்கிற சிரிப்பு அது.

பாண்டித்துரை ஓடிவந்து ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான். கமலாம்பாள் புருவத்தைச் சுருக்கினார்.

"ஒரு பிளேன்ல போனா புள்ளி கெடைக்கும், பாண்டி. அதை மரீனா கிளப்புலயும் ஏத்தலாம், அவங்க கூட்டாளி ஏர்லைன் ஓரியோலோட கிளப்புலயும் ஏத்தலாம். ஆனா ஏதாவது ஒண்ணுலதான்."

"புரிஞ்சுபோச்சுக்கா. ஓட்டு ஒண்ணு, கட்சி ரெண்டு."

"அதேதான். இந்தப் பையன் எட்டு வாரமா ஓரியோலுக்குக் குத்திட்டு இருக்கான்."

"புதுக் கட்சில என்ன பதவி குடுப்பாய்ங்க?"

"இந்த ஓட்டத்துக்கு மிஞ்சிப்போனா சில்வர். பத்து கிலோ லக்கேஜ் சேத்தி எடுத்துட்டுப் போலாம். லவுஞ்சு கெடையாது, தனி வரிசை கெடையாது."

"பழைய கட்சில?"

"இருவது கிலோ, லவுஞ்சு, தனிக் கவுன்ட்டர், எல்லாருக்கும் முன்னால ஏறலாம்."

பாண்டித்துரை நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "மந்திரி பதவிய உதறிட்டு வட்டச் செயலாளர் ஆகுறானாக்கா? அப்பிடின்னா ஒண்ணு இவன் லூசு, இல்ல தங்கம் கடத்துறான். இல்லைன்னா ஓரியோல்ல ஏர் ஹோஸ்டஸ் யாரோ..."

"வாயை மூடு. சாம்பிள் பெட்டி இல்லாம பையர்கிட்டப் போக முடியாது. அதுக்குப் பத்து கிலோ வேணும், சில்வர் வாங்கறான். அது எனக்குப் புரியுது. கையில இருக்கற பிளாட்டினத்தை எதுக்கு விடறான்? லாபமே இல்லாத காரியத்தை மனுசன் ரெண்டு காரணத்துக்குத்தான் செய்வான். ஒண்ணு காதல், இல்லீன்னா மரியாதை."

அப்போது அவர் கைபேசி அடித்தது. தேஜஸ்ரீ பேசினாள். பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண், ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கணீரென்று பேசுகிறவள், இப்போது குரல் கம்மியிருந்தது. கமலாம்பாள் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, ஏதாவது தெரிஞ்சுதுங்களா? அப்பா காலைல மண்டபத்துக்குப் போன் போட்டு, பொழுதோட உறுதி சொல்றேன்னுட்டாருங்க."

"உனக்குப் பையனைப் பிடிச்சிருக்குதா, கண்ணு?"

"பிடிச்சிருக்குதுங்க. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் போட்ட பஜ்ஜி அத்தனையும் கருகிப்போச்சு. அப்பா மூஞ்சி சுண்டிப்போச்சுங்க. அதைப் பாத்துட்டு அவரு மூணு பஜ்ஜி எடுத்துச் சாப்புட்டு, நாலாவது கேட்டாருங்க. அப்படிப்பட்டவரு தப்பு பண்ணுவாருன்னு எனக்குத் தோணலைங்க. ஆனா அப்பா வேண்டாமுன்னு சொல்லிட்டா நான் எதுத்துப் பேச மாட்டேன். அழுதுட்டு இருந்துக்குவேன்."

பாண்டித்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு எதற்கும் கண் கலங்கும், ஆனால் இதற்குக் கலங்கியது நியாயம்தான்.

"அப்பா இப்ப எங்க இருக்காரு?" என்று கமலாம்பாள் கேட்டார்.

"மங்கலத்துல தறி பாக்கப் போயிருக்காருங்க. ரெண்டு மாசமா சனிக்கெழமையானா அங்கதானுங்க."

"சரி கண்ணு, அழுவாத. மத்தியானச் சோறு நிம்மதியாத் தின்னலாம்" என்று போனை வைத்தவர், வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். டி-ஷர்ட் குவியலில் அவர் கை நிற்குமே, அப்படி.

பாதுகாப்புச் சோதனையில் பாண்டித்துரை பெல்ட்டைக் கழற்றி, பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி இயந்திர வாசலைக் கடந்தான். "உள்ள போறதுக்கே இம்புட்டு அவுக்கணும்னா மேல போனா என்னத்த கேப்பாய்ங்களோ" என்று அவன் சொன்னது துப்பாக்கி வைத்திருந்த காவலருக்கும் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது.

காத்திருப்புக் கூடத்தில் ரித்தீஷ் மூன்றாவது கேட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, செல்போன் சார்ஜ் போடும் தூணைக் கட்டிப்பிடித்த மாதிரி முகத்தை அதன் பக்கம் திருப்பிக்கொண்டு குரங்குக் குல்லாக்காரர் நின்றார். சார்ஜரில் போன் இல்லை.

"பாண்டி, சென்னை லவுஞ்சுக்குள்ள யாரு போக முடியும்?" என்று கமலாம்பாள் மெதுவாகக் கேட்டார்.

"கோல்டோ பிளாட்டினமோ வச்சிருக்கவய்ங்க."

"வேற?"

"போர்டிங் பாஸ் வேணும். அது இல்லாம வாசல்லயே கழுத்தப் புடிச்சுத் தள்ளிருவாய்ங்க."

"காப்பில சர்க்கரை இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துச் சீட்டுல உக்காந்தாத்தேன்... அக்கா!"

"அதே பிளேன்ல திரும்பி வந்தான்னு எப்படித் தெரியும்?"

"அதே பிளேன்ல வந்தாத்தேன் தெரியும்! அப்ப அந்த 'நம்ம ஆளு'..."

கமலாம்பாள் அதற்குள் தூணருகே போய்விட்டார். பாண்டித்துரையும் பின்னாலேயே ஓடினான். குல்லாவின் காதுப்பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"ஏனுங்க, மங்கலத்துல எப்பங்க ஏர்போர்ட் கட்டுனாங்க?"

குல்லா தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது. மாஸ்க் இறங்கியது. வேர்த்து விறுவிறுத்துப்போய் கதிர்வேல் நின்றுகொண்டிருந்தார்.

"சத்தம் போடாதீங்கம்மா" என்று கெஞ்சினார். "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

"நீங்களும் எட்டு வாரமா பறக்கறீங்களாட்ட இருக்குதே. எதுக்குங்க?"

மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொட்டித் தீர்த்தார். "நான் வெறும் கோல்டுங்க. அன்னிக்கு எம்பட ஊட்டுல உக்காந்து, எங்க பையன் பிளாட்டினம், எங்க பையன் பிளாட்டினம்னு அவிய மாமன் சொன்னாரு பாருங்க, எனக்குச் சோறு எறங்கலீங்க. கல்யாணம் முடிஞ்சா பையர் மீட்டிங்குக்கு மாப்பிள்ளையும் நானும் சேந்து போவோம். அவரு முன்னால ஏறுவாரு, நான் பின்னால மூட்டையோட நிக்கோணும். இல்லீன்னா அவரு கூட்டிட்டு வந்த ஆளுன்னு சொல்லிட்டு அவரு பின்னாலயே உள்ள போகோணும். பொண்ணைக் குடுத்தவனுக்கு இது ஆகுமுங்களா? இன்னிக்குப் போயிட்டு வந்துட்டா நானும் பிளாட்டினமுங்க. மரீனாவுக்கு இன்னிக்கு இந்த ஒரு சர்வீஸ்தான். இதை விட்டா மறுபடி ஒண்ணுலேருந்துதான்."

"நீங்களே இப்படிப் பறக்கறப்ப அந்தப் பையன் மேல எதுக்குங்க சந்தேகம்?"

"நான் பிளாட்டினம் வாங்கப் பறக்கறேன். ஏற்கெனவே வெச்சிருக்கறவருக்கு என்னங்க வேலை?" என்றார் கதிர்வேல், ரொம்ப நியாயமான கேள்வி கேட்டுவிட்ட தோரணையில்.

"அதை நானே சொல்லிடறேனுங்க, மாமா."

மூவரும் திரும்பினார்கள். ரித்தீஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். கதிர்வேல் கையிலிருந்த குல்லாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். யானையை முந்தானைக்குள் மறைத்த கதைதான்.

"எங்க மாமன் பேசப் பேச உங்க மொகம் வாடினதைப் பாத்தேனுங்க. உங்களுக்கு முன்னால நான் போய் பிளேன்ல உக்காந்துட்டு, நீங்க பின்னால வர்றதைப் பாக்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க. கார்டை விட்டுடலாம்னு முடிவு பண்ணுனேன். சாம்பிள் பெட்டிக்கு மட்டும் வேற எடத்துல ஒரு சில்வர் போதும். அதுக்குத்தான் சனிக்கெழமை. நாளைலேருந்து நீங்க கோல்டு, நான் சாதா. எப்பவும் நீங்கதான் முன்னால."

கதிர்வேல் குல்லாவை மெல்ல முன்னால் கொண்டுவந்து கையில் சுருட்டினார்.

"தம்பி, அப்ப மாமாவை ஏர்போர்ட்டுல எப்பப் பாத்தீங்க?" என்று கமலாம்பாள் கேட்டார்.

"மொத வாரமேங்க. மாமா நடை எனக்குத் தெரியாதுங்களா? குல்லா போட்டுட்டு வந்தா பாக்க வேண்டாம்னுதான அர்த்தம். அதனால பாக்கலீங்க. அவரு நீட்டு வரிசைல நிக்கறப்ப நான் கம்பளத்துல எப்படிங்க நடக்கறது? பின்னாலயே நின்னுட்டேன்."

பாண்டித்துரைக்குக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. மேலே ஏறி வர ஒருவர் எட்டு வாரம் பறக்கிறார், கீழே இறங்கிப் போக இன்னொருவர் எட்டு வாரம் பறக்கிறார், இருவரும் ஒரே பிளேனில்! உசிலம்பட்டியில் இந்நேரம் இரண்டு அரிவாள் வந்திருக்கும், விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இந்த ஊர்க்காரர்கள் மரியாதையாலேயே ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்கள்.

ஒலிபெருக்கி சென்னை விமானத்துக்கு அழைத்தது. முதலில் பிளாட்டினம், அடுத்து கோல்டு உறுப்பினர்கள் என்றது. யாரும் போகவில்லை. அப்புறம் மற்றவர்கள் என்றது. கூட்டம் மொத்தமாக எழுந்து போனது. கமலாம்பாள் தன் பையைத் தூக்கிக்கொண்டு, "பேசி முடிச்சு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா பாண்டி, எனக்கு ஜன்னல் சீட்டு" என்று உள்ளே போய்விட்டார்.

கதிர்வேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். ரித்தீஷ் பக்கத்தில் வந்தான். பாண்டித்துரை இருவருக்கும் பின்னால் நின்றான்.

"போங்க மாப்பிள்ளை."

"நீங்க போங்க, மாமா."

"அட, இன்னிக்குப் பொழுது வரைக்கும் நீங்க பிளாட்டினமுங்க. நீங்கதான் மொதல்ல."

"பெரியவங்க நிக்கறப்ப எப்படிங்க?"

"ஊட்டுக்கு வர்ற மாப்பிள்ளைய முந்திட்டு நான் போனேன்னா ஊர்ல என்னங்க பேசுவாங்க?"

"ஊர் இங்க எங்கீங்க மாமா வருது?"

"சார், கடைசி அழைப்பு சார். யாராவது ஒருத்தர் வாங்க சார்" என்று கேட்டில் நின்ற பெண் அழாத குறையாகச் சொன்னாள்.

"இவரு வருவாருங்க" என்றார் கதிர்வேல். "அவரு வருவாருங்க" என்றான் ரித்தீஷ். பாண்டித்துரை பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, நான் வேணா போகட்டுமா, எனக்கு மொதத் தடவை" என்றான். அவன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. இருவர் நடுவில் புகுந்து போகலாமா என்று ஒரு காலை வைத்தான். பத்து வருடம் திருப்பூர்த் தண்ணீர் குடித்த உடம்பு, கால் பின்னுக்கு வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

பாண்டித்துரையின் போன் அடித்தது. "எங்கடா இருக்க? கதவைச் சாத்தறாங்க! நான் மட்டும் மெட்ராஸ் போய் என்னடா பண்ணுவேன்?" என்று கமலாம்பாள் கத்தினார். "லவுஞ்சுல சர்க்கரை போட்டு ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துருங்கக்கா" என்றான் பாண்டித்துரை. அந்தப் பக்கம் வந்த பதிலை எழுத முடியாது.

விமானம் மெல்ல நகர்ந்தது. கதிர்வேல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு வாரத்துப் பிளாட்டினம் அதோ ஓடுபாதையில் போய்க்கொண்டிருந்தது. பாண்டித்துரைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஆள் இப்போது கோபப்பட்டால் திங்கட்கிழமை போச்சு, அந்தப் பெண் சொன்னபடியே அழுதுவிட்டு இருந்துகொள்வாள்.

கதிர்வேலின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ரித்தீஷ் பதறிப்போய்க் கையைப் பிடித்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, குல்லாவாலேயே முகத்தைத் துடைத்தபடி சிரித்தார். ரித்தீஷுக்கும் தொற்றிக்கொண்டது. பாண்டித்துரை எப்போதோ ஆரம்பித்துவிட்டான்.

சிரித்து ஓய்ந்து, மாப்பிள்ளையின் கையை விடாமலே, கதிர்வேல் மகளுக்குப் போன் போட்டார்.

"கண்ணு, நான் மங்கலத்துல இல்ல சாமி. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல இருக்கேன். மாப்பிள்ளை பக்கத்துலதான் இருக்காரு. பிளேனை விட்டுட்டோம்."

"எப்படிங்கப்பா விட்டீங்க?"

"யாரு மொதல்ல ஏறறதுன்னு ஒரு சின்னப் பேச்சு. அதை விடு. மண்டபத்துக்குச் சொல்லிரு, திங்கக்கெழமை நிச்சயம். தங்கமான பையன். ரெண்டு பேரும் இப்பச் சோத்துக்கு வர்றோம்."

தேஜஸ்ரீ அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"வாங்கப்பா. வாசக்கதவு ரெண்டையும் தொறந்து வெக்கறேன். சேந்தாப்பலயே உள்ள வந்துருங்க."